குழந்தை இப்போது யார் கையில்? உறவோடும் நட்போடும் பெங்களூரிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்புவது பெரும்பாலும் மூன்று காரணங்களுக்காக. ஊரில் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. அடுத்தது, சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு வந்தால் ஆபீஸ் நண்பர்களோடு கூர்க், ஊட்டி, ஏற்காடு. அப்புறம், ஊரிலிருந்து அப்பா அம்மாவும் அண்ணன் குடும்பமும் வந்திருக்கும்போது மைசூர்.

மூன்றிலும் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. "இத்தனை பேர் இருக்கோம், ஒரு குழந்தையைப் பார்த்துக்க மாட்டோமா?" என்று எல்லோரும் சொல்வார்கள். மனதாரத்தான் சொல்வார்கள். ஆனால் வண்டி நின்றதும் நடப்பது வேறு. சித்தியிடம் இருக்கிறான் என்று பாட்டி நினைப்பார். அப்பாவிடம் இருக்கிறான் என்று சித்தி நினைப்பாள். அப்பா பார்க்கிங் சீட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார்.

ஆள் கூடக் கூடப் பொறுப்பு கரையும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கேள்வியைச் சுற்றியே ஓடும்: குழந்தை இப்போது யார் கையில்? எந்த நிமிடம் கேட்டாலும் பதிலாக ஒரே ஒரு பெயர் வரவேண்டும். சுமார் 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை என்றால் மைசூரே போதும். பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை 2023 மார்ச்சில் திறந்த பிறகு பயணம் சுருங்கிவிட்டது. ரயிலும் நிறைய. 1892இல் தொடங்கிய மைசூர் மிருகக்காட்சிசாலையில் நடக்க முடியாத பெரியவர்களுக்கு பேட்டரி கார் இருக்கிறது. குழந்தை அசந்துவிட்டாலும் அதுவே கைகொடுக்கும். செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்கும் அதே கிழமைதான். அரண்மனை விளக்குகளை ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் ஏற்றுவார்கள். குழந்தை அந்நேரத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் என்பதால், மதியம் தூங்க வைத்துவிட்டு அழைத்துப் போனால்தான் ரசிக்கும்.

மலை என்றால் வளைவுகளைக் கணக்கில் எடுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டிக்கு மைசூர் வழியாகப் போனால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். "எட்டு மணிக்குக் கிளம்பினாலும் போயிடலாம்" என்று நண்பர் யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வழியில் ஒரு டயபர் மாற்றம், ஒரு வாந்தி, அவ்வளவுதான், கேட் மூடிவிடும். மசினகுடி, கல்லட்டி வழி தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. குழந்தையோடு போகிறவர்கள் கூடலூர் வழியிலேயே போங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே முதல் நடைமுறை. வாடகை வண்டி என்றால் யார் எடுப்பது என்பதை டிரைவரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

நாள் கணக்கில் என் கருத்து இதுதான்: இரண்டு இரவுக்கு ஒரே ஊர், ஒரே அறை. தினம் ஓர் ஊரில் பெட்டியைப் பிரித்துக் கட்டும் திட்டம் பெரியவர்களுக்கே ஆகாது. ஒரு நாளைக்கு ஓர் இடம் கட்டாயம், இன்னொன்று முடிந்தால். பட்டியலில் ஐந்து இடம் எழுதுகிற மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. எழுதட்டும், அவர் ஒரு கோஷ்டியோடு போய்வரட்டும்.

கிளம்பும் முன் பேச வேண்டியவை

உறவினர்களிடம் யார் பேசுவது என்பதே பாதி வெற்றி. அவரவர் வீட்டாரிடம் அவரவரே பேச வேண்டும். மாமியாரிடம் "போனைக் காட்டாதீங்க" என்று மருமகள் சொன்னால் அது ஒரு வாரத்துக்கு ஓடும். மகன் சொன்னால் "சரிடா, பெரிய டாக்டர்" என்பதோடு முடிந்துவிடும்.

சொல்லும் விதமும் முக்கியம். தடை போடுவதைவிட வேலை கொடுப்பது நல்லது. "அம்மா, சாக்லேட் கொடுக்காதீங்க" என்பதற்குப் பதில், "அம்மா, அவன் மதியச் சாப்பாடு உங்க பொறுப்பு. அதுக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் கொடுக்காம நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அம்மாவே காவல் நிற்பார். பெரியப்பா பிஸ்கட்டோடு வந்தால் அவரைத் திருப்பி அனுப்பும் வேலை உங்களுக்கு இல்லை.

நண்பர்களிடம் பேசுவது வேறு. குழந்தை இல்லாத நண்பர்களுக்கு உங்கள் நேரம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாட்ஸ்அப் குழுவில் நாலே வரி போடுங்கள்: "பாப்பா மதியம் 1 மணிக்குத் தூங்குவாள். அப்போது எங்களில் ஒருவர் அறையில் இருப்போம். ராத்திரி 8 மணிக்கு மேல் நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர்தான் வருவோம். எங்களுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்." கடைசி வரிதான் உயிர். அது இல்லையென்றால் நண்பர்கள் மரியாதைக்குக் காத்திருந்து உள்ளுக்குள் சலித்துக்கொள்வார்கள். கேம்ப் ஃபயர் ராத்திரி கணவன் ஒரு நாள், மனைவி ஒரு நாள். இரண்டு நாளும் அம்மாவே அறையில் அடைந்து கிடப்பதுதான் நான் அதிகம் பார்த்தது. அதற்குப் பெயர் சுற்றுலா இல்லை.

ரயிலா, வேனா, சொந்தக் காரா

தமிழ்நாட்டுப் பக்கம் நாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் என் ஓட்டு ரயிலுக்கு. குழந்தை எழுந்து நடக்கலாம், படுக்கலாம், கழிவறை கூடவே வருகிறது. மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓசூர், தர்மபுரி வழியாக சேலம், நாமக்கல், கரூர் என்று போவதால் அந்தப் பக்கம் குலதெய்வம் உள்ளவர்களுக்குத் தோது. எந்த ரயில் உங்கள் வீட்டுக்கு அருகே நிற்கும் என்றும் பாருங்கள். ஒயிட்ஃபீல்டுக்காரர்கள் மெஜஸ்டிக் வரை வராமல் கிருஷ்ணராஜபுரத்தில் ஏறலாம், அல்சூர்க்காரர்கள் கன்டோன்மென்டில் ஏறலாம்.

டிக்கெட் போடும்போது கூட்டத்துக்கென்றே சில நுணுக்கங்கள் உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இருக்கை, படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இராப் பயணத்தில் மூன்றரை வயதுப் பையன் பக்கத்தில் படுத்து விடிய விடிய உதைப்பான். அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல். 5 முதல் 12 வயதுக்குள் என்றால் படுக்கை வேண்டாதவர்களுக்குப் பாதிக் கட்டணம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் செல்லும். தாத்தா பாட்டியை உங்களோடு 6 பேர் டிக்கெட்டில் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும். அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். கிடைக்கிற கீழ்ப் படுக்கையில் ஒன்று எப்படியும் குழந்தைக்கும் அம்மாவுக்கும்தான் போகும்.

வேன் என்றால் பெங்களூரில் எல்லோரும் சொல்லும் டிடி, டெம்போ டிராவலர். 12 பேருக்கு வசதி, எல்லோரும் ஒன்றாகப் பாடிக்கொண்டு போகலாம். வாடகை பேசும்போது ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எவ்வளவு, டோல், பார்க்கிங், தமிழ்நாட்டு பர்மிட் உள்ளேயா வெளியேயா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் டிடியில் ஒரு குறை பெரிது: சீட் பெல்ட். இருக்காது, அல்லது உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும், அல்லது இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். குழந்தை இருக்கையை அதில் சரியாகக் கட்டுவது கஷ்டம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். "நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்" என்று தாத்தா சொல்வது பாசம்தான், ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் எந்தக் கையும் பிடிக்காது. அதனால் என் யோசனை: கூட்டம் டிடியில் வரட்டும், குழந்தையும் பெற்றோரும் சொந்தக் காரில், குழந்தை இருக்கையோடு, பின்னாலேயே போகட்டும். காரில் ஒரு இடம் காலி வைத்து ஆளுக்கொரு தடவை அத்தை, மாமா என்று மாறி மாறி ஏறிக்கொண்டால் குழந்தைக்கும் பொழுது போகும். 2 வயது வரையாவது பின்பக்கம் பார்த்த மாதிரி இருக்கை வைப்பது நல்லது. அதை முன் சீட்டில், ஏர்பேக் எதிரில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

தங்குமிடம்

புகைப்படத்தைப் பார்த்து புக் பண்ணாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். கீழ்த் தளமா? மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா? பால்கனிக் கம்பிக்கு நடுவே குழந்தையின் தலை நுழையுமா? நீச்சல் குளமோ எஸ்டேட் குட்டையோ இருந்தால் சுற்றி வேலி இருக்கிறதா? நாய்கள் உண்டா? ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் கிடைக்குமா? சமையலறையில் ஒரு கஞ்சி காய்ச்சிக்கொள்ள விடுவார்களா? கூர்க் ஹோம்ஸ்டேக்கள் பல அருமையாக இருக்கும், ஆனால் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மழைக்காலத்தில் அட்டைப் பூச்சி இலவசம்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் தரையில் உட்கார்ந்து ஒரு சுற்று பாருங்கள். குழந்தையின் கண்ணுக்கு எட்டுவது அப்போதுதான் தெரியும்: கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி லிக்விட், கெட்டில் ஒயர், கீழே உள்ள பிளக், எளிதில் திறக்கிற கெய்சர் குழாய். பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து குழந்தையால் போட முடியும் என்றால் அதை ஒரு துணியால் கட்டிவிடுங்கள்.

மூட்டை கட்டுவது

பெரிய பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். நான் சொல்வது மூட்டையை எப்படிப் பிரிப்பது என்பது. டிக்கியில் போகும் பெட்டி ஒன்று, கையில் இருக்கும் பை ஒன்று. கைப்பையில் டயபர், துடைக்கும் துணி, தண்ணீர், ஜிப் கவர்கள், குழந்தைக்கு இரண்டு செட் உடை. கூடவே தூக்கி வைத்திருப்பவருக்கும் ஒரு சட்டையோ குர்தாவோ. இதை யாரும் எடுப்பதில்லை. தொப்பூர் கணவாயில் குழந்தை வாந்தி எடுத்தால் பாதி அதன் மேல், மீதி சித்தப்பா மேல். அவர் மாற்றுச் சட்டை டிக்கியில் பன்னிரண்டு பெட்டிக்கு அடியில் இருக்கும்.

மருந்துப் பை தனி. அதில் தெர்மாமீட்டர், டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, அளவு மூடி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தடுப்பூசி அட்டையின் போட்டோ. பழைய காட்டன் புடவை ஒன்றை மறக்காதீர்கள். போர்வை, விரிப்பு, வெயில் மறைப்பு, பால் கொடுக்கும்போது மறைப்பு எல்லாம் அதுவே.

நேரமும் வழியும்

ஓசூர் ரோட்டில் போகிறவர்களுக்கு விதி ஒன்றுதான்: விடுமுறைக்கு முந்தைய நாள் சாயங்காலம் கிளம்பாதீர்கள். சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி டோல் தாண்டுவதற்குள் குழந்தை இரண்டு முறை பசித்து இரண்டு முறை அழுது முடித்திருக்கும். விடியற்காலை 4:30 அல்லது 5 மணிக்கு, தூங்குகிற குழந்தையை அப்படியே தூக்கி இருக்கையில் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். கிருஷ்ணகிரி தாண்டும்போது கண் விழிக்கும், நீங்களும் டிபனுக்கு நிற்பீர்கள். கூட்டமாகப் போகையில் 5 மணி என்றால் 6 ஆகும். பெரியவர்களிடம் 4:30 என்று சொல்லுங்கள், பாவம் இல்லை.

மைசூர் சாலையில் இன்னொரு சங்கதி. விரைவுச்சாலை ராமநகரா, சன்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லா ஊரையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. நினைத்த இடத்தில் ஓட்டல் வராது. சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும். அடுத்து எங்கே நிற்பது என்பதை முன்னாடியே இரண்டு வண்டிக்கும் சொல்லிவிடுங்கள். சன்னபட்டணாவில் இறங்கினால் மரப்பொம்மை வாங்கலாம். மீதி வழிக்குக் குழந்தைக்கு அதுவே போதும்.

வாந்தி வருவது பெரும்பாலும் 2 வயதுக்கு மேல்தான். உடம்பு அசைவதைக் காது உணர்கிறது, கண்ணோ கையிலிருக்கும் போனைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் தலை சுற்றுகிறது. எனவே மலை ஏறும்போது போன் கிடையாது. பெரியவர்களில் யாராவது வெளியே காட்டி மாடு, லாரி, மேகம் என்று எண்ணச் சொல்லுங்கள். வேனில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். மலையடிவாரத்தில் அரை மணி நேரம் நின்று, வயிற்றை நிரப்பாமல் இரண்டு இட்லியோடு ஏறுங்கள். வாந்தி மருந்து வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே குழந்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து சீட்டு அத்தையின் மாத்திரையில் பாதி கொடுக்காதீர்கள்.

சாப்பாடு

கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டில் இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி பெரியவர்களுக்கு. குழந்தைக்கு நெய்யும் சர்க்கரையும் தடவி. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் முதலில் கெடுவது அதுதான். தயிர் சாதம் செய்கிறவர்கள் சாதத்தைக் குழைய வடித்து, ஆறிய பிறகு காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் கலக்கவும். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பக்குவமாக இருக்கும். அதையும் நாள் முழுக்க வண்டியில் வைக்காமல் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ரயிலில் உள்ள பிளக்கில் கெட்டில் போடக்கூடாது. அது போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்தான். கஞ்சிக்கான வெந்நீரை வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் எடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு: தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் உண்டு. எங்கே இருக்கிறது என்று நேரக் காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் தீராத தலைவலி "ஒரு வாய்". பெரியம்மா ஒரு வாய் முறுக்கு, மாமா ஒரு வாய் ஐஸ்க்ரீம், நண்பர் ஒரு வாய் வறுகடலை. கணக்குப் பார்த்தால் குழந்தை ஒன்பது பேர் கையால் சாப்பிட்டிருக்கும், ஆனால் சாப்பாடு சாப்பிட்டிருக்காது. பாசத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது, ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 1 வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடாது. 4 வயது வரை முழு வேர்க்கடலை, முந்திரி, முழு திராட்சை, கடிக்க முடியாத முறுக்கு கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் இன்னும் ஆபத்து.

கைமாற்றுவது

இதுதான் வழிகாட்டியின் நடு. குழந்தையை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இந்தா, இனி உன் கையில்." "சரி, என் கையில்." பதில் வராத வரை பொறுப்பு கொடுப்பவரிடமே. கொஞ்சம் நாடகம் போல இருக்கும், முதல் நாள் மச்சான் சிரிப்பார். இரண்டாம் நாள் அவரே சொல்வார். கண்ணால் காட்டுவது, "அங்கே இருக்கான் பாரு" என்று பொதுவாகச் சொல்வது, இதெல்லாம் கைமாற்றம் இல்லை.

அடுத்தது, யாருக்கு எந்த வேலை. குழந்தையைப் பார்ப்பதில் உட்காரும் வேலை, ஓடும் வேலை என்று இரண்டு உண்டு. சாப்பாடு ஊட்டுவது, கதை சொல்வது, தூங்கும்போது பக்கத்தில் இருப்பது உட்காரும் வேலை. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் அது. மிருகக்காட்சிசாலை, பஸ் ஸ்டாண்டு, கோயில் பிரகாரம் ஓடும் வேலை. அங்கே முழங்கால் நல்லபடியாக இருப்பவர் வேண்டும். பாட்டி "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று சொன்னால், எந்த வேலையை என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். படிக்கட்டில் தாவுகிற இரண்டு வயதுக் குழந்தையை மூட்டு வலிக்காரரிடம் விட்டுவிட்டு அப்புறம் அவரைக் கோபிப்பதில் அர்த்தமில்லை. பன்னிரண்டு வயது அக்கா விளையாட்டுத் துணை மட்டும்தான். ரோட்டோரமும் தண்ணீரும் அவள் பொறுப்பு ஆகாது. ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் யாருக்கும் கவனம் நிற்காது.

தண்ணீர் பக்கம் இது இன்னும் கடுமை. ஒகேனக்கல், ஸ்ரீரங்கப்பட்டணம், கூர்க் அருவிகள், விடுதி நீச்சல் குளம், எங்கேயானாலும் பெரியவர் ஒருவர் குழந்தையை மட்டும் பார்ப்பார். போன் பையில். குடித்தவர் அல்ல. படம் எடுப்பவர் அல்ல. சின்னக் குழந்தை மூழ்கும்போது கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. பக்கத்தில் பத்துப் பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் நடந்துவிடும். ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிர்வாகமே நிறுத்திவிடும். ஓடும் நாளிலும் குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கையில் கொடுத்தால்தான் ஏறுவது. பெரியவர் ஜாக்கெட்டை நாடா இறுக்கிக் கட்டினாலும் அது குழந்தையின் தலை வழியே கழன்றுவிடும். இல்லையென்றால் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு கரையில் மீன் வறுவலைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அதுவும் சுகம்தான்.

கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க: காலையில் உடை மாட்டியதும் ஒரு முழு உருவப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. கையில் பேனாவால் இரண்டு போன் நம்பர், முழங்கைக்கு மேலே, வியர்வை படாத இடத்தில். காணவில்லை என்றால் எல்லோரும் ஓடாதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் நகராமல் நிற்க, வாசலுக்கு ஒருவர், மற்றவர்கள் தேட. 112க்கு உடனே அடியுங்கள்; குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ரயிலில் 139.

தூக்கம்

தூளியில் தூங்கிப் பழகிய குழந்தைக்கு விடுதிக் கட்டில் ஒத்துக்கொள்ளாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மதியத் தூக்கத்தைப் பாயிலோ மெத்தையிலோ பழக்குங்கள். ரயிலில் நடுப் படுக்கைக் கொக்கிகளுக்கு நடுவே புடவையைத் தூளியாகக் கட்டுவது நமக்கு வழக்கம். கைக்குழந்தை என்றால், கீழ்ப் படுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், நடைபாதைப் பக்கம் நீட்டாமல், ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும் கட்டலாம். எழுந்து உட்காரத் தெரிந்த குழந்தைக்கு வேண்டாம். அதைச் சுவர்ப் பக்கம் போட்டு அம்மா வெளிப்பக்கம் படுப்பதே சரி.

வீட்டில் தூங்கும் முன் என்ன வரிசையோ அதையே செய்யுங்கள். குளியல், அதே தலையணை, அதே பாட்டு. வாசலில் நின்று "தூங்கிட்டாளா?" என்று கேட்க வரும் சொந்தங்களைத் தடுக்க, கதவில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள், துண்டு இருந்தால் உள்ளே வரக்கூடாது.

உடம்பு சரியில்லை என்றால்

பெரிய குடும்பத்தில் காய்ச்சலைவிட எனக்குப் பயம் மருந்து இரண்டு முறை போவது. அம்மா கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவாள், நெற்றி சுடுகிறதே என்று பெரியம்மா மறுபடி கொடுப்பார். மருந்து ஒரே ஆள் கையில் இருக்க வேண்டும். கொடுத்த நேரத்தையும் அளவையும் குழுவில் போட வேண்டும். பாரசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல: பொதுவாக டிராப்ஸில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். சிரப் அளவில் டிராப்ஸை ஊற்றினால் பல மடங்கு ஆகிவிடும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. டாக்டரிடம் மில்லிக் கணக்கில் எழுதி வாங்கி பாட்டில் மேலேயே ஒட்டுங்கள். அண்ணன் குழந்தையின் மருந்து உங்கள் குழந்தைக்கு வேண்டாம்.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு. கலக்கியது 24 மணி நேரம்தான். சிறிய பாக்கெட்டும் உண்டு, உறையைப் படியுங்கள். டப்பாவில் விற்ற இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பழைய சரக்கு பெட்டிக்கடையில் கிடைத்தால் வாங்காதீர்கள். குழந்தை சிறுநீர் கழித்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, கண் குழி விழுந்திருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை, மலத்தில் ரத்தம், மூச்சு இழுக்கிறது, இதில் எது இருந்தாலும் கூட்டத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. கிளம்பிவிடுங்கள். 108 கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் வரும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

மொட்டையும் காதுகுத்தும்

காலையிலேயே, வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் அழுகை பாதி குறையும். தாய்மாமன் மடிதான் சம்பிரதாயம். அந்த மாமனிடம் குழந்தையை முந்தைய நாள் முழுக்கப் பழகவிடுங்கள். ஊரிலிருந்து அன்று காலை வந்து இறங்கிய மாமன் மடியில் உட்கார வைத்தால் அது மொட்டைக்கு அழாது, மாமனைப் பார்த்துத்தான் அழும். பிளேடு உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். நாலு பிளேடு நீங்களே வாங்கிப் போனால் பேச்சே இல்லை. சுற்றி நிற்பவர்கள் பத்து அடி தள்ளி நிற்கட்டும். கெடா விருந்து கறிக்குழம்பைக் குழந்தைக்கு ஊட்ட ஒரு கூட்டமே வரும். பாட்டி காவலுக்கு இருக்கிறார், கவலை இல்லை.

கணக்கு வழக்கு

நண்பர்களோடு போனால் முன்னாடியே பேசுங்கள், உறவோடு போனால் அதைவிட முன்னாடியே பேசுங்கள். நான் நியாயம் என்று நினைப்பது: 5 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அறையிலும் சாப்பாட்டிலும் பங்கு இல்லை. வேனில் தனி இருக்கை எடுத்தால் ஒரு பங்கு. குழந்தைக்காகத் தனி அறையோ தனி டாக்ஸியோ போட்டால் அது பெற்றோர் செலவு, நண்பர்கள் தலையில் கட்டக்கூடாது. அதேபோல் நண்பர்களின் இரவு நேரச் செலவில் அறையில் உட்கார்ந்திருந்தவரைச் சேர்க்கக்கூடாது. தாத்தா பாட்டி செலவு பிள்ளைகளுக்குள் சமம், அவர்களுக்குத் தெரியாமல். ஒருவரே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு ஸ்பிளிட்வைஸ் ஆப்பிலோ நோட்டிலோ எழுதட்டும், திரும்பி வந்த இரவே யுபிஐயில் தீர்த்துவிடுங்கள். கிளம்பும்போது அத்தை குழந்தையின் கையில் மடித்து வைத்த 500 ரூபாயை மட்டும் கணக்கில் கொண்டுவராதீர்கள்.